பட்டையனுக்குப் பின்னால் வந்த ஆறு

தேன்வரையாறு ஒரு நாயின் பின்னால் நடக்கத் தொடங்கியது ஆவணி மாதம் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே கால் மணிக்கு. அன்று ஆற்றுப் பூங்காவின் வாசலில் கையெழுத்துப் போட்டு மலையேறியவர்கள் பதினோரு பேர். அவர்கள் கூட்டிவந்த நாய்கள் ஆறு. எல்லோருக்கும் முன்னால் நடந்தவள் பூங்காவின் வழிகாட்டி பவுன்தாய். அவளுக்கும் முன்னால் நடந்தவன் அவளுடைய நாய் பட்டையன். செம்மண் நிறத்து நாட்டு நாய். நெற்றியில் திருநீறு பூசியதுபோல மூன்று வெள்ளைக் கோடுகள், அதனால்தான் அந்தப் பெயர். பதிமூன்று வயது, நாய்க்கணக்கில் ஓய்வு வாங்கி ஓரமாகப் படுக்கவேண்டிய வயது, ஆனால் பாதையில் பாம்பு கிடந்தால் நிற்பதும் கரடி வாடை வந்தால் உறுமுவதும் அவன் வேலையாக இருந்ததால், அவன் வந்த நாளிலிருந்து அவன் இல்லாமல் பவுன்தாய் மலையேறியதில்லை.

அந்த வட்டாரத்தில் வேறெந்த மலையிலும் நாயைக் கூட்டிக்கொண்டு ஏற விடமாட்டார்கள். அதனால் மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் நாய் வளர்ப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தேன்வரைக்கு வந்தார்கள். வாசல் பலகையில் பதினாறு விதிகள் இருந்தன. பலகையில் எழுதாத பதினேழாவது விதி ஒன்றும் இருந்தது, அது வழிகாட்டிகள் ஒருவர் வாயிலிருந்து ஒருவர் காதுக்கு வந்தது: சாய்பாறைத் துறையில் ஆற்றைக் கடக்கும்போது நாயின் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும், கயிற்றின் நுனி தண்ணீரில் படக் கூடாது. கல்லிடுக்கில் கயிறு சிக்கினால் நாய் முங்கிப் போகும் என்பது காரணமாக இருக்கலாம். பழைய ஆட்கள் காரணம் சொல்லவில்லை. "தண்ணி கையில கயிறக் குடுக்காத" என்று மட்டும் சொன்னார்கள்.

பத்தொன்பது வருடம் பவுன்தாய் அதைத் தவறவிட்டதில்லை. அன்று தவறவிட்டதற்குக் காரணம் பிஸ்கோத்து. அது கோயம்புத்தூர்ப் பல் டாக்டர் வசுமதியின் நாய், உரலுக்குக் கால் முளைத்ததுபோல இருக்கும். நடு ஆற்றில் முழங்கால் தண்ணீரில் சுகமாக உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்துவிட்டது.

"பிஸ்கோத்து, எழுந்திருடா கண்ணா, எல்லாரும் பாக்கறாங்க" என்று டாக்டர் கெஞ்சினார்.

"இவன் கண்ணான்னா எந்திரிப்பானா? பின்னாடி ரெண்டு தட்டு தட்டுங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே, பட்டையனின் கயிற்றைக் கீழே விட்டுவிட்டு, பவுன்தாய் இரண்டு கைகளாலும் பிஸ்கோத்தின் புட்டத்தைப் பிடித்துத் தள்ளினாள். பட்டையன் பொறுத்துப் பார்த்தான், பிறகு தன்பாட்டுக்குக் கரையேறினான். அவன் கழுத்திலிருந்து நீண்ட கயிற்றின் நுனி தண்ணீருக்குள்ளேயே கிடந்தது. அவன் நான்கடி நடந்ததும் கயிறு விறைத்தது, யாரோ பிடித்துக்கொண்டதுபோல. ஐந்தாவது அடி வைத்தபோது ஆறு கரையேறி அவன் பின்னால் வந்தது.

வெள்ளம் வருவதுபோல வரவில்லை. நெடுநேரம் உட்கார்ந்திருந்தவர் எழுந்து சேலையை உதறிக்கொண்டு வருவதுபோல வந்தது. மீன்களும் கூழாங்கற்களும் பாசியும் கூடவே வந்தன. பட்டையன் திரும்பிப் பார்த்தான், முகர்ந்தான், தெரிந்தவர்தான் என்பதுபோலத் தொடர்ந்து நடந்தான். கீழே மூன்று கிலோமீட்டர் தள்ளி, தும்பைக்குளத்துப் படித்துறையில் துவைத்துக்கொண்டிருந்த பெண்கள், கையில் சோப்பு நுரையோடு தண்ணீர் தங்களை விட்டுப் போவதைப் பார்த்தார்கள்.

"யாத்தே, ஆத்த யாரோ கூட்டிட்டுப் போறாங்கடி" என்று ஒருத்தி சொன்னாள். அவளுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. ஆனால் நடந்ததை அதைவிடச் சரியாகப் பிறகும் யாரும் சொல்லவில்லை.

பூங்கா அதிகாரி அமலதாஸ் பதற்றப்படாதவர். வாசலுக்கு வந்து சேர்ந்த நாயையும் ஆற்றையும் பார்த்தார். ஒரு கத்தியை வாங்கிக் கயிற்றை அறுத்தார். ஆறு அந்த அறுந்த துண்டைக் கொஞ்சநேரம் வைத்திருந்தது, பிறகு ஓரமாக ஒதுக்கிவிட்டது, பட்டையன் நகர்ந்ததும் பழையபடி பின்னால் நகர்ந்தது. அமலதாஸ் உள்ளே போய் மேலிடத்துக்கு எழுதினார்: 'ஆறு நாயின் பின்னால் செல்கிறது. மேல் நடவடிக்கைக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கப்படுகிறது.' ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது: 'மேற்படி நாய்க்குத் தடுப்பூசி போடப்பட்டதா என்ற விவரம் தெரிவிக்கவும்.'

அதற்குள் தும்பைக்குளத்து ஊருக்குப் பழகிவிட்டது. சாய்பாறை வரை ஆறு தன் வழியில் வந்தது, அதற்குக் கீழே பட்டையன் போன வழியில் போனது. அகலமான இடத்தில் அகலமாகவும், சந்துக்குள் ஒரு சேலை அகலத்துக்கு ஒடுங்கியும், யார் வாசல்படியையும் நனைக்காமல், கோலத்தைச் சுற்றி வளைந்து, அது அவன் பின்னால் நடந்தது. பேருந்துச் சாலையைக் கடக்கும்போது அவன் நின்றால் நின்றது, அவன் ஓடினால் ஓடியது, அவன் கம்பத்தில் காலைத் தூக்கினால் மரியாதையாகத் தள்ளிக் காத்திருந்தது. அவன் படுத்தால் அதுவும் படுத்து, அங்கே தேங்கிப் பெருகியது. மேடு என்றும் பள்ளம் என்றும் அது பார்க்கவில்லை. நாய் ஏறினால் ஆறும் ஏறியது. டீக்கடையில் முதல் வாரம் இதைப் பற்றிப் பேசினார்கள், இரண்டாம் வாரம் தக்காளி விலையைப் பற்றியும் பேசினார்கள், மூன்றாம் வாரம் ஆறு கடையைத் தாண்டிப் போகும்போது பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தாமல் காலை மட்டும் தூக்கிக்கொண்டார்கள்.

ஆறு மேடேறும் என்று தெரிந்த நாளில் கல்லுமேட்டுக்காரர்கள் வந்தார்கள். கல்லுமேடு மலைச்சரிவுக்கு அந்தப் பக்கம், உயரத்தில் இருந்த ஊர். அங்கே கண்மாய் இருந்தது, கரை இருந்தது, மடை இருந்தது, தண்ணீர்தான் இல்லை. பவுன்தாய் பிறந்தது அந்த ஊரில். குடத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு மைல் நடந்து வளர்ந்தவளைத் தும்பைக்குளத்துச் செல்லாண்டிக்குக் கட்டிக்கொடுத்தபோது, 'புள்ள தண்ணியில விழுந்துருச்சு' என்று அவள் ஊரில் சந்தோஷமாகச் சொன்னார்கள்.

கூட்டிவந்தவள் அவளுடைய அண்ணன் மனைவி மொக்கத்தாய். பூங்கா வாசலில் நின்று, நாயைப் பார்த்துப் பேசினாள், பவுன்தாயைப் பார்க்கவில்லை.

"ஏப்பா பட்டையா, நீ எங்க வீட்டுப் பொண்ணு வளத்த புள்ள. தாய்மாமன் ஊருக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போகக் கூடாதா?"

"மதினி, கேக்குறத எங்கிட்டக் கேளு."

"ஓங்கிட்டக் கேட்டா நீ ஓம் புருசன்கிட்டக் கேப்ப. ஓம் புருசன் ஊருகிட்டக் கேப்பாரு. அதுக்குள்ள எம் பேத்தி குமரியாயிருவா."

சண்டை வரவேண்டிய இடம் அதுதான். வரவில்லை, ஏனென்றால் இரண்டு ஊர்க்காரர்களுக்கும் தண்ணீரைப் பற்றித் தெரிந்த ஒரே ஒழுங்கு, நாள் பிரித்து நீர் விடும் முறைப் பாசனம். பிரச்சனையை அதற்குள் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டால் பிறகு அது ஆச்சரியமாக இல்லாமல் வெறும் வேலையாகிவிடும். பேருந்து நிறுத்தத்தில் கூடிப் பேசி நாள் பிரித்தார்கள். திங்களும் செவ்வாயும் நாய் தும்பைக்குளம், புதனும் வியாழனும் கல்லுமேடு, வெள்ளியும் சனியும் மறுபடி தும்பைக்குளம், ஞாயிற்றுக்கிழமை நாய் தன் சொந்த வேலைக்குப் பூங்காவுக்குப் போகும். கண்மாயில் மடை திறந்து வயலுக்கு நீர் விடுகிற ஆளை அங்கே நீர்ப்பாய்ச்சி என்பார்கள். அறுப்பு முடிந்தால் ஒவ்வொரு வயலிலும் அவருக்கு ஒரு கட்டுக் கதிர் உண்டு. பட்டையனை இரண்டு ஊரும் நீர்ப்பாய்ச்சியாக வைத்துக்கொண்டன. தை மாதம் அவன் பங்குக் கதிர் பவுன்தாய் வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது, அவன் அதன்மேல் ஏறி மூன்று முறை சுற்றிவிட்டு இறங்கிப் போனான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் பெருகியது. வந்தவர்கள் தங்கள் நாய்களின் கயிற்று நுனியைச் சாய்பாறையில் வேண்டுமென்றே தண்ணீரில் போட்டுப் பார்த்தார்கள். கயிறு நனைந்தது, அவ்வளவுதான். பட்டையன் முன்னால் போக, பவுன்தாய் அடுத்துப் போக, ஐம்பது அறுபது பேரும் அவர்களுடைய நாய்களும் வரிசையாகப் போக, எல்லோருக்கும் பக்கத்தில், சொல்லிக்கொடுக்காமலே வரிசையைக் கலைக்காமல் ஆறும் மலையேறியது. களைத்தவர்கள் குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தார்கள். பிஸ்கோத்து ஒவ்வொரு வாரமும் வந்து, நடக்கிற ஆற்றிலேயே உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே மேலே போய்ச் சேர்ந்தது.

எல்லோருக்கும் நல்லதாக இருந்தது. பட்டையன் மட்டும் வீட்டுக்குப் போக முடியவில்லை.

பதிமூன்று வருடம் அவன் படுத்தது பவுன்தாயின் அடுப்படியில், விறகுக்கும் அம்மிக்கும் நடுவே இருந்த ஒரு முழ இடத்தில். இப்போது அவன் வீட்டுக்குள் போனால் ஆறும் வீட்டுக்குள் போகும். முதல் வாரம் ஒருநாள் போய், அண்டா குண்டா எல்லாம் மிதந்து, செல்லாண்டி கட்டிலோடு கூடத்துக்கு வந்தார். அதிலிருந்து பட்டையன் கண்மாய்க் கரையில் படுத்தான், முறைப்படி இந்த ஊரில் இரண்டு நாள், அந்த ஊரில் இரண்டு நாள். பவுன்தாய் ஒரு தார்ப்பாயையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு அவன்கூடப் படுத்தாள். கார்த்திகை மழையில் படுத்தாள், மார்கழிப் பனியில் படுத்தாள். "ஓம் பொண்டாட்டி ஆத்தக் கட்டிக்கிட்டவ" என்று செல்லாண்டியின் கூட்டாளிகள் அவரைக் கேலி செய்தார்கள். அவர் சிரித்தார். வீட்டுக்கு வந்து தனக்குத்தானே ரசம் வைத்துச் சாப்பிட்டார்.

மாசியில் பட்டையனின் பின்னங்கால்கள் ஆட ஆரம்பித்தன. தும்பைக்குளத்திலிருந்து கல்லுமேட்டுக்கு ஒன்றரை மணி நேரத்தில் ஏறியவன் மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டான். ஆறும் அவனோடு நின்று நின்று வந்தது. கல்லுமேட்டுப் பெண்கள் பாதை நெடுக அவன் பாதத்துக்குச் சாக்கு விரித்தார்கள். மொக்கத்தாய் வேப்பெண்ணெயைச் சூடுபண்ணிக் காலில் தேய்த்தாள். "சாமி, இன்னம் ஒரு வருசம் நட. நெல்லிக்கன்னு வச்சிருக்கோம், வேர் பிடிக்கட்டும்" என்று அவன் காதில் சொன்னாள்.

அமலதாஸ் ஜீப்பைக் கொண்டுவந்தார். நாயை ஏற்றி மெல்ல ஓட்டினால் ஆறு பின்னாலேயே வரும், நாய்க்கும் நோகாது என்பது அவர் கணக்கு. யோசனையில் தப்பில்லை. ஆனால் பட்டையனைத் தூக்க முடியாது. குட்டியாக இருந்தபோது யாரோ அவனைச் சாக்கில் கட்டி ஓடும் லாரியிலிருந்து எறிந்திருந்தார்கள். பவுன்தாய் சாக்கை அவிழ்த்து எடுத்த நாளிலிருந்து நாலு காலும் ஒருசேரத் தரையை விட்டால் அவன் கடிப்பான், பவுன்தாயாக இருந்தாலும் கடிப்பான். அன்று இரண்டு காவலர்கள் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு அவனைத் தூக்கினார்கள். ஒருவருக்கு ஏழு தையல். ஆனால் அந்தக் கால் நிமிட நேரத்தில் எல்லோரும் ஒன்றைப் பார்த்தார்கள். அவன் கால்கள் காற்றில் இருந்தபோது ஆறு அவனை விட்டுவிட்டது. பற்றுக்கோடு போனதுபோல அப்படியே அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. அவன் பாதம் மறுபடி மண்ணில் பட்டதும்தான் எழுந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு ஊருக்கும் புரிந்துவிட்டது. நாய் இனி நெடுநாள் நடக்காது. கடைசியில் அவனை எந்த இடத்தில் தரையிலிருந்து தூக்குகிறார்களோ அந்த இடத்தில் ஆறு இருந்துவிடும்.

அதற்குப் பிறகு யாரும் பவுன்தாயிடம் நேராக எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவள் போகிற இடமெல்லாம் அன்பு கூடியது. தும்பைக்குளத்தில் கண்மாய்க் கரைக்கே இட்லி வந்தது. கல்லுமேட்டில் அவளுக்கும் நாய்க்கும் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு, மின்விசிறி மாட்டினார்கள்.

செல்லாண்டி ஒருநாள் கரைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நெடுநேரம் கல்லைப் பொறுக்கித் தண்ணீரில் எறிந்தார்.

"நான் ஒண்ணும் சொல்லல" என்றார்.

"சொல்லாதீங்க."

"நம்ம ஒன்றரை ஏக்கர் மட்டும்னா நான் வாயே தொறக்க மாட்டேன். எறநூறு குடும்பம் இருக்கு. ஆறு காலங்காலமா இந்த ஊரு ஆறு."

"கல்லுமேட்டுல நூத்துப்பத்துக் குடும்பம்."

"அதான் நான் ஒண்ணும் சொல்லலேன்னேன்ல."

பவுன்தாய் நாயின் முதுகைத் தடவினாள். எலும்பு ஒவ்வொன்றாக விரலில் தட்டியது. "இவன எங்க எறக்கிவைக்கணும், எங்க தூக்கணும்னு எல்லாருக்கும் ஒரு எடம் இருக்கு. இவனுக்கு அடுப்படியில ஒரு மொழம் எடம் இருந்துச்சு, அதப் பத்தி யாரும் பேசல" என்றாள். செல்லாண்டி எறிய வைத்திருந்த கல்லைக் கீழே போட்டுவிட்டார்.

பங்குனி இரண்டாம் ஞாயிறு அவள் அவனை மலைக்குக் கூட்டிப்போக நினைக்கவில்லை. அவன்தான் கரையிலிருந்து எழுந்து, தள்ளாடி நின்று, பூங்காப் பக்கமாக நடந்தான். ஞாயிற்றுக்கிழமை எது என்று அவனுக்குத் தெரியும். அன்று நாற்பத்திரண்டு பேரும் பத்தொன்பது நாய்களும் ஏறினார்கள். சாய்பாறையைத் தாண்டி, புலிச்சரிவு என்ற இடத்தில் பாதை குறுகும். ஒருபக்கம் நெட்டைப் பாறை, மறுபக்கம் பள்ளம், ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். அந்த இடத்தில் பட்டையன் உட்கார்ந்தான்.

எழுந்திருக்கப் பார்த்தான். முன்னங்கால் எழுந்தது, பின்னங்கால் வரவில்லை. ஆறு பின்னால் வந்து நின்றது. அவன் படுத்தால் தேங்கிப் பெருகுவது அதன் வழக்கம் என்பதால், அந்த ஒடுக்கத்தில் தேங்கிப் பெருகியது. கணுக்கால் வரை வந்தது. முழங்கால் வரை வந்தது. பள்ளத்துப் பக்கம் நின்றவர்கள் பாறையைப் பிடித்துக்கொண்டார்கள். சின்ன நாய்களைத் தோளில் ஏற்றினார்கள். பிஸ்கோத்து முதன்முறையாகத் தானாகவே எழுந்து நின்றது.

"பவுன்தாய்! அவன இழுத்துக்கிட்டுப் பத்தடி கீழ வாங்க, பழைய ஆத்து வழி இருக்கு அங்க" என்று பின்வரிசையிலிருந்து அமலதாஸ் கத்தினார். "இங்க தூக்கிராதீங்க! ஆறு இங்கயே நின்னுரும், ரெண்டு ஊருக்கும் இல்லாமப் போயிரும்!"

"அம்மா, தண்ணி ஏறுது" என்றார் டாக்டர் வசுமதி. பிஸ்கோத்தின் கழுத்துப்பட்டையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

பவுன்தாய் பட்டையனின் முன்னால் குத்தவைத்தாள். அவன் அவளைப் பார்த்தான். பதிமூன்று வருடம் அவள் அவனிடம் எத்தனையோ கேட்டிருக்கிறாள், எந்திரி, வா, பாரு, நில்லு. அவன் அவளிடம் எதையும் கேட்டதில்லை. இப்போது முன்னங்கால் ஒன்றைத் தூக்கி அவள் முழங்கால்மேல் வைத்தான். பத்தடி இழுத்தால் அவன் வால் எலும்பு பாறையில் தேயும் என்று அவளுக்குத் தெரிந்தது. அதற்குமேல் அவள் எதையும் யோசிக்கவில்லை என்று பிறகு கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். இரண்டு கையையும் அவன் வயிற்றுக்கடியில் கொடுத்துத் தூக்கினாள். கடிப்பான் என்று கண்ணை மூடிக்கொண்டாள். அவன் தாடையை அவள் தோளில் வைத்துப் பெருமூச்சு விட்டான்.

தண்ணீர் ஏறுவது நின்றது. மெல்ல இறங்கி, பள்ளத்தில் ஒரு குளமாக உட்கார்ந்துகொண்டது.

நாலு கிலோமீட்டர் அவள் அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். பாதி வழியில் டாக்டர் தன் துப்பட்டாவை அவிழ்த்துத் தூளிபோலக் கட்டிக்கொடுத்தார். ஆறு வரவில்லை. பின்னால் தண்ணீர்ச் சத்தம் இல்லாமல் நடப்பது ஏழு மாதத்துக்குப் பிறகு அன்றுதான், அவளுக்கு அடிக்கடி திரும்பிப் பார்க்கத் தோன்றியது. வீட்டுக்கு வந்து அவனை அடுப்படியில், விறகுக்கும் அம்மிக்கும் நடுவே விட்டாள். அவன் மூன்று முறை சுற்றப் பார்த்து, ஒரு முறை சுற்றி, படுத்தான்.

திங்கட்கிழமை தும்பைக்குளத்துக்குத் தண்ணீர் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புலிச்சரிவுக்கு இரண்டு ஊர் ஆட்களும் போய்ப் பார்த்தார்கள். ஆறு அங்கே படுத்திருந்தது. வாய்க்கால் வெட்டினால் வாய்க்காலுக்குள் வரவில்லை. வேறு நாய்களைக் காட்டினார்கள், நெற்றியில் சுண்ணாம்பால் மூன்று கோடு போட்டும் காட்டினார்கள், அதற்கும் அசையவில்லை. இட்லி வருவது நின்றது. பவுன்தாய் கடைக்குப் போனால் பேச்சு நின்றது.

"ஒரு நாய்க்காக ரெண்டு ஊரு வாயில மண்ணப் போட்டுட்டாளே" என்று அவள் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், காதில் விழும்படி. கல்லுமேட்டிலிருந்து மொக்கத்தாய் தொலைபேசியில் கூப்பிட்டாள். திட்டப்போகிறாள் என்று பவுன்தாய் எதிர்பார்த்தாள். மொக்கத்தாய், "சாப்புடுறானா?" என்று மட்டும் கேட்டாள். அப்போதுதான் பவுன்தாய் அழுதாள்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்குத் தும்பைக்குளத்தின் மேற்குத் தெருவில் ஒரு சத்தம் கேட்டது. ஆறு வந்துகொண்டிருந்தது. யாருக்கும் பின்னால் வரவில்லை, தனியாக வந்தது. தெருமுனையில் நின்றது, இந்தப் பக்கம் கொஞ்சம் நாக்கை நீட்டிப் பார்த்தது, அந்தப் பக்கம் கொஞ்சம் நீட்டிப் பார்த்தது, மண்ணை முகர்வதுபோல ஒவ்வொரு திண்ணையையும் தொட்டுத் தொட்டு வந்தது. ஏழு மாதம் ஒரு நாயோடு திரிந்த ஆற்றுக்கு மோப்பம் பிடிக்கத் தெரிந்திருந்ததில் ஆச்சரியம் இல்லை. பவுன்தாய் வீட்டுச் சந்துக்குள் ஒரு சேலை அகலமாக ஒடுங்கி நுழைந்து, அவள் வாசலில் வந்து நின்றது.

தெரு விழித்துக்கொண்டது. "அடைங்கடா, சந்த அடைங்கடா!" என்று யாரோ கத்தினார்கள். ரேஷன் கடை வாசலில் அடுக்கியிருந்த மணல் மூட்டைகள் கைமாறிக் கைமாறிச் சந்தின் வாய்க்கு வந்தன. செல்லாண்டி மண்வெட்டியோடு ஓடிவந்து மூட்டைகளுக்கு இடையே மண் வெட்டிப் போட்டார். பத்து நிமிடத்தில் ஆற்றுக்குப் பின்னால் இடுப்பளவு அணை எழுந்தது. ஆறு இப்போது அவர்களுடையது. சந்தின் கிழக்குச் சுவரை உடைத்துவிட்டால் நேராகக் கண்மாய்க்கு இறங்கிவிடும், இனி எங்கும் போகாது. தெருவே பவுன்தாயைப் பார்த்தது. அவள் சும்மா இருந்தால் போதும்.

அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். தண்ணீர் அவள் பாதத்தைத் தொட்டது, கொலுசைத் தொட்டது, சேலைத் தலைப்பில் இருந்த நாய்வாடையில் நெடுநேரம் நின்றது. பிறகு அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்ப்பதுபோல வாசற்படிக்குக் கொஞ்சம் எம்பியது.

"அவன் தூங்குறான்" என்றாள் பவுன்தாய். "இனி வரமாட்டான். நடந்தது போதும் அவனுக்கு."

ஆறு எம்பியபடியே நின்றது.

"ஒனக்குத்தான் வழி தெரியும்ல. இன்னைக்கு என்ன கெழம? புதன். புதன் வியாழன் எங்க போவோம்? கல்லுமேடு. எங்க மதினி காத்துக்கிட்டு இருப்பா. போ."

"பவுனு" என்றார் செல்லாண்டி. அவர் மண்வெட்டியைப் பிடித்தபடி அணையின்மேல் நின்றார். ஊரே அவர் முதுகுக்குப் பின்னால் நின்றது. "இன்னைக்குப் போனா வெள்ளிக்கெழம திரும்பி வரும்னு என்ன நிச்சயம்?"

"நிச்சயமெல்லாம் இல்ல."

"அப்புறம்?"

"அவன ஒருநாளும் நாம கட்டிப்போட்டதில்ல. ஞாயித்துக்கெழம தவறாம அவனா வந்தான்ல?"

செல்லாண்டி பின்னால் திரும்பி ஊரைப் பார்த்தார். யாரும் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தார். குனிந்து முதல் மூட்டையைத் தூக்கினார். இரண்டாவது மூட்டை ஆற்றின் கனத்தில் இறுகியிருந்தது, தனியாக அசையவில்லை. மூச்சுப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தவருக்குப் பக்கத்தில், மூன்று நாளாகப் பவுன்தாயிடம் பேசாமல் இருந்த கடைக்காரர் வந்து, வேட்டியை மடித்துக் கட்டி, மூட்டையின் இன்னொரு முனையைப் பிடித்தார்.

"இழு மாப்ளே" என்றார். "எட்டு மணிக்குள்ள மேடேறட்டும். வெயில் வந்துருச்சுன்னா அதுக்குத்தான் செரமம்."